இம்ப்ரஷன்: பார்வையா, காட்சியா, காட்டலா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

இணைய விளம்பர வருமானம் பற்றிய தமிழ்ச் சொற்பட்டியலில் மூன்று வாரமாக 'இம்ப்ரஷன்' (ஒரு விளம்பரம் ஒரு முறை காட்டப்படுவது) என்ற ஒரே சொல்லில் நிற்கிறோம். பார்வை, பதிவு, தோற்றம், காட்சி என்று நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன. 'பதிவு' ஏற்கெனவே வலைப்பதிவுக்குப் போய்விட்டது. 'தோற்றம்' என்றால் தளத்தின் வடிவமைப்பு என்றுதான் யாரும் நினைப்பார்கள். மீதி இரண்டில் 'பார்வை'க்கு ஆதரவு அதிகம்.

> ஏற்கெனவே புழங்கும் சொல், எல்லாருக்கும் புரியும். இதற்கு மேல் என்ன தேட வேண்டும்?

நேற்று ஒரு நண்பர் இப்படிக் கேட்டிருந்தார். புரிகிறது என்பது உண்மைதான். ஆனால் தப்பாகப் புரிகிறது. அதனால்தான் இந்த நீண்ட மடல்.

திண்டுக்கல்லில் இருக்கும் என் அக்கா சமையல் குறிப்பு வலைப்பூ எழுதுகிறார். விளம்பரம் போட்டு எட்டு மாதம் ஆகிறது. பொங்கலுக்குப் போயிருந்தபோது அடுப்படியில் நின்றபடியே போனை என்னிடம் நீட்டினார். "இங்க பாருடா, வலைப்பூவுல இந்த வாரம் பார்வை ரெண்டாயிரம்னு காட்டுது. விளம்பரக் கணக்குல பார்வை மூவாயிரத்து நூறுன்னு இருக்கு. ஒரு பக்கத்துக்கு மூணு விளம்பரம் வச்சிருக்கேன். அப்ப ஆறாயிரம்ல வரணும்? பாதியை யாரு முழுங்கினா?"

யாரும் முழுங்கவில்லை. முதல் எண், பக்கங்கள் எத்தனை முறை திறக்கப்பட்டன என்பது. இரண்டாவது எண், விளம்பரங்கள் எத்தனை முறை காட்டப்பட்டன என்பது. அக்காவின் வாசகர்களில் பலர் தேவையான பொருட்கள் பட்டியலைப் பார்த்ததுமே போய்விடுகிறார்கள். கீழே இருக்கும் இரண்டு விளம்பரங்களும் வாசகர் அங்கே வந்தால்தான் இறங்கும்படி அமைக்கப்பட்டவை. சிலர் விளம்பரத் தடுப்பான் வைத்திருக்கிறார்கள். சில நேரம் அந்த இடத்துக்கு விளம்பரம் கொடுக்க எவரும் முன்வருவதில்லை, இடம் காலியாகப் போகிறது. இதையெல்லாம் நான் சொல்லி முடிக்கும்போது குழம்பு கொதித்து அடங்கிவிட்டது. கடைசியில் அக்கா கேட்டார்: "அப்ப ரெண்டுக்கும் எதுக்குடா ஒரே பேரு வச்சீங்க?"

அறிக்கையில் ஆங்கிலத்தில்தான் இருந்தது. அக்கா தமிழ் விளக்கம் ஒன்றைப் படித்து, இம்ப்ரஷன் என்றால் பார்வை என்று மனதில் பதித்துக்கொண்டிருந்தார். அந்த விளக்கத்தை எழுதியவர் நம்மைப் போன்ற ஒருவர்தான். எட்டு மாதமாக ஒருவர் தன் உழைப்பில் பாதி திருடுபோகிறது என்று நினைத்திருக்கிறார், ஒரு சொல்லால். எனக்கு அது மனதை உறுத்துகிறது.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். என் பரிந்துரை காட்டல்.

காண், காட்டு. உண், ஊட்டு. தமிழில் இந்த இணைகள் வினையிலேயே இருக்கின்றன. ஊட்டுவது தாய், உண்பது குழந்தை. ஊட்டியதெல்லாம் உள்ளே போனதா என்பது வேறு கணக்கு. அதே மாதிரி, காண்பவர் வாசகர், காட்டுவது தளம். விளம்பர நிறுவனங்கள் எண்ணுவது தளத்தின் செயலைத்தான். வலைப்பூக்களுக்கு விளம்பரம் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் சேவையின் விதிப்படி, விளம்பரம் வாசகரின் கருவியில் இறங்கத் தொடங்கிவிட்டால் ஓர் இம்ப்ரஷன் ஏறிவிடும். வாசகர் அதை ஏறிட்டுப் பார்த்தாரா என்று அந்த எண் சொல்வதில்லை. 'பார்வை' என்ற சொல்லோ வாசகரின் கண்ணைப் பற்றிப் பேசுகிறது. செய்பவரையே மாற்றிச் சொல்கிறது. ஆங்கிலத்தில் இம்ப்ரஷன் என்ற சொல்லிலிருந்து செய்தது யார் என்று தெரியாது. தமிழில் ஒரே வேரை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியும் என்றால் ஏன் விட வேண்டும்?

இது முன்பு இவ்வளவு முக்கியமாக இல்லை. 1994 அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்டு என்ற இணைய இதழில் ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தின் விளம்பரப் பட்டை வந்ததிலிருந்து விளம்பரங்களை எண்ணுவது நடக்கிறது என்றாலும், 2003-இல் ஆட்சென்ஸ் வந்த பிறகு வலைப்பூ எழுதுவோர் வாயில் புழங்கியது 'கிளிக்' என்ற சொல்தான். அதற்கு 'சொடுக்கு' என்று நாம் வைத்தது நிலைத்தும் விட்டது. தமிழில் எழுதுவோருக்கு இதெல்லாம் தாமதமாகத்தான் வந்தது. ஆட்சென்ஸ் ஏற்கும் மொழிகளில் தமிழ் சேர்ந்ததே 2018 பிப்ரவரியில். அப்புறம் 2023 நவம்பரில் கூகுள் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: பெரும்பாலும் சொடுக்குக்குத் தந்துவந்த பணத்தை இனிமேல் இம்ப்ரஷனுக்குத் தருவோம் என்று. 2024 தொடக்கத்தில் அது நடைமுறைக்கு வந்தது. ஆக, வலைப்பூ எழுதுபவரின் கூலியை அளக்கும் படியே இப்போது இந்தச் சொல்தான். படிக்குத் தப்பான பெயர் வைத்துவிட்டு அளவு சரி என்று சொல்ல முடியுமா?

'காட்டல்' வந்தால் இன்னொரு சிக்கலும் தீரும். 'வியூவபிள் இம்ப்ரஷன்' என்று ஒன்று உண்டு. ஊடக அளவீடுகளைச் சரிபார்க்கும் அமெரிக்க அமைப்பான மீடியா ரேட்டிங் கவுன்சில் 2014-இல் வைத்த அளவுகோல் இது: விளம்பரத்தின் பரப்பில் பாதியாவது திரையில் தொடர்ந்து ஒரு நொடி இருந்திருக்க வேண்டும், காணொளி என்றால் 2 நொடி. இம்ப்ரஷனைப் பார்வை என்று வைத்துக்கொண்டால் இதை எப்படிச் சொல்வது? 'பார்க்கத்தக்க பார்வை' என்று பட்டியலில் இருக்கிறது. சத்தமாக ஒரு முறை படித்துப் பாருங்கள்.

நான் முதலில் 'கண்பட்ட காட்டல்' என்று எழுதி வைத்திருந்தேன். அக்காவிடம் சொன்னதும், "கண்பட்டா வருமானம் போயிடும்டா" என்றார். அவர் சொன்னது சரி, அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் திருஷ்டி என்றுதான் பொருள். அதோடு, அந்த அளவுகோலும் கண் பட்டதாகச் சொல்லவில்லை. பார்க்க வாய்ப்பு இருந்தது என்று மட்டும்தான் சொல்கிறது. அதற்குத் தமிழில் அழகான ஒரு வழக்கு இருக்கிறது: காணக் கிடைத்தல். ஆகவே காணக்கிடைத்த காட்டல். ஆயிரம் காட்டலில் அறுநூறு காணக்கிடைத்தது என்று எழுதினால் விளக்கவுரை தேவையில்லை.

அடுத்து சிபிஎம், ஆர்பிஎம்: ஆயிரத்துக்கு விளம்பரம் கொடுப்பவர் தரும் விலை, ஆயிரத்துக்கு வலைப்பூ எழுதுபவருக்கு வரும் வருமானம். இரண்டிலும் வரும் 'எம்' மில்லியன் என்று நினைத்து ஏமாந்தவர்கள் பலர். அது லத்தீன் மொழியில் ஆயிரத்தைக் குறிக்கும் 'மில்லே'. நாம் செங்கல் வாங்குவதும் ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான், நோட்டீஸ் அடிப்பதும் அப்படித்தான். விளம்பரம் கொடுப்பவர் பக்கம் ஆயிர விலை, வலைப்பூ எழுதுபவர் பக்கம் ஆயிர வரவு என்று வைத்துவிடலாம். அக்காவின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் 62 ரூபாய் வந்தது. 3,100 காட்டலுக்கு 62 ரூபாய் என்றால் காட்டலின் ஆயிர வரவு 20 ரூபாய். அதே 62 ரூபாயை 2,000 பக்கப் பார்வைக்கு வகுத்தால் பார்வையின் ஆயிர வரவு 31 ரூபாய். அறிக்கையில் 20, 31 என்று இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டுக்கும் பெயர் 'பார்வை'யாக இருந்திருந்தால் இந்த வேறுபாட்டை நான் எந்தச் சொல்லைக் கொண்டு விளக்கியிருப்பேன்?

இன்னும் ஒன்று மட்டும். 'இன்வேலிட் கிளிக்' என்பதற்குப் 'போலிச் சொடுக்கு' என்று பட்டியலில் இருப்பதை மாற்ற வேண்டும். தானே சொடுக்கிக்கொள்வது, சொந்தக்காரர்களைச் சொடுக்கச் சொல்வது, எந்திரம் வைத்துச் சொடுக்குவது எல்லாம் அதில் அடங்கும் என்பது சரி. ஆனால் பேருந்தில் போகும்போது கைதவறி விரல் பட்டதும் அதில்தான் வரும். அதைப் போலி என்றால் குற்றம் சாட்டுவதாகிறது. வாக்கு எண்ணும்போது செல்லாத ஓட்டு என்று ஒதுக்குகிறார்களே, அதில் யார் மேலும் பழி இல்லை. கணக்கில் சேராது, அவ்வளவுதான். செல்லாச் சொடுக்கு போதும். செல்லாக்காசு என்ற சொல் தெரிந்த யாருக்கும் இது தெரியும்.

அன்புடன்,
மதுரையிலிருந்து

---

தம்பிக்கு,

நான் முப்பது வருடம் அச்சகத்தில் இருந்தவன். எந்திரத்தில் எண்ணி ஒன்று இருக்கும். உருளை ஒரு தடவை பதிந்தால் ஓர் எண் ஏறும், தாள் கசங்கி வந்தாலும் ஏறும். அதைத்தான் நாங்கள் இம்ப்ரஷன் என்போம். அச்சுக்கூலியும் ஆயிரம் இம்ப்ரஷன் கணக்குத்தான். அதனால் ஆயிர விலை, ஆயிர வரவு இரண்டையும் மனதார ஏற்கிறேன். செல்லாச் சொடுக்கும் நன்று.

'காட்டல்' மட்டும் எனக்கு ஒட்டவில்லை. 'காட்சி' இருக்கிறதே. தியேட்டரில் நாளுக்கு நாலு காட்சி என்கிறோம். பத்துப் பேர் உட்கார்ந்திருந்தாலும் காட்சி காட்சிதான். பார்த்தவர்களை எண்ணாமல் காட்டியதை எண்ணுகிற பழக்கம் அந்தச் சொல்லில் ஏற்கெனவே உள்ளது. புதிதாக ஏன்? அதுவும், எடுத்துக்காட்டு என்றுதான் வழங்குகிறோம், எடுத்துக்காட்டல் என்று இல்லையே.

---

ஐயாவுக்கு வணக்கம்.

தியேட்டர் காட்சியை நீங்கள் நினைவூட்டியது இந்த இழையில் வந்த மிக நல்ல வாதம். ஓர் இரவு முழுக்க அதை யோசித்தேன். உண்மையில் வேறு ஒரு தடை இல்லாவிட்டால் நான் 'காட்சி'க்கே வந்திருப்பேன்.

அந்தத் தடை நம் பட்டியலிலேயே இருக்கிறது. 'டிஸ்பிளே' விளம்பரத்துக்குக் காட்சி விளம்பரம் என்று 2 மாதம் முன்பு முடிவு செய்தோம், அது நன்றாகவும் பரவிவிட்டது. இப்போது இம்ப்ரஷனும் காட்சி என்றால் 'காட்சி விளம்பரக் காட்சி' என்று எழுத வேண்டிவரும். தவிர, 'விளம்பரக் காட்சி' என்றால் தொலைக்காட்சி விளம்பரத்தில் வரும் ஒரு காட்சி என்றுதான் முதலில் தோன்றும். தியேட்டர் காட்சி ஊருக்கே ஒன்று. இது ஓர் ஆளுக்கு, ஒரு திரையில், ஒரு முறை.

எடுத்துக்காட்டு பற்றிச் சொன்னீர்கள். 'காட்டு' என்று மட்டும் வைத்துப் பார்த்தேன். 'காட்டு விலை', 'காட்டு வரவு' என்றால் காடுதான் நினைவுக்கு வருகிறது. -அல் சேர்ந்தால் அந்தக் குழப்பம் குறைகிறது. 'தேடல்' வந்த புதிதிலும் தேடுதல் என்றுதானே சொல்ல வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். இன்று பள்ளிப் பிள்ளைகளும் அதைச் சொல்கிறார்கள்.

---

இருவருக்கும் வணக்கம். வலைத்தளங்களுக்கு இடைமுகம் மொழிபெயர்ப்பவள் என்ற முறையில் ஒரு சிறு செய்தி. நேற்று ஒரு அறிக்கைப் பக்கத்தில் இந்தச் சொற்களைப் போட்டுப் பார்த்தேன். 'காட்டல்' அலைபேசித் திரையில் பத்தித் தலைப்பாக ஒரே வரியில் நிற்கிறது. 'காணக்கிடைத்த காட்டல்' மூன்றாக மடங்குகிறது. பக்கத்துப் பத்தியில் காட்டல் இருப்பதால் இதை வெறும் 'காணக்கிடைத்தவை' என்று போட்டேன், இரண்டு வரியில் அடங்கிவிட்டது. ஐயாவின் காட்சியையும் போட்டுப் பார்த்தேன். பக்கத்திலேயே 'காட்சி விளம்பரம்' என்ற வடிகட்டி இருந்ததால் எது எது என்று எனக்கே தடுமாறியது.

---

அம்மா, திரையில் போட்டுப் பார்த்ததற்கு நன்றி. தலைப்புக்குக் 'காணக்கிடைத்தவை' சரி, உரைநடையில் முழுச்சொல்லும் இருக்கட்டும்.

தம்பி, காட்சி விளம்பரம் ஏற்கெனவே முடிவானதை நான் மறந்துவிட்டேன். அப்படியானால் காட்டலே இருக்கட்டும். ஆனால் விளக்கத்தில் அச்சக எண்ணியைப் பற்றி ஒரு வரி சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். அச்சகத்திலும் இந்தச் சொல் ஓர் எண்ணிக்கையைத்தான் குறிக்கிறது என்று தெரிந்தால் 'பதிவு' என்று மறுபடி எழுதமாட்டார்கள்.

---

நன்றி ஐயா, சேர்த்துவிட்டேன். பட்டியலில் ஏறப்போகும் வரைவு இது:

காட்டல்: ஒரு விளம்பரம் ஒரு வாசகரின் திரைக்கு ஒரு முறை அனுப்பப்படுவது. வாசகர் பார்த்தாரா என்பதை இது குறிக்காது. பக்கப் பார்வையிலிருந்து வேறானது. அச்சகத்தில் எந்திரம் தாளில் ஒரு முறை பதிவதையும் ஆங்கிலத்தில் இம்ப்ரஷன் என்றே எண்ணுவார்கள். எ.கா.: இந்த வாரம் 2,000 பக்கப் பார்வையில் 3,100 காட்டல், அதில் 1,900 காணக்கிடைத்தவை.

ஞாயிறு இரவுக்குள் மறுப்பு இருந்தால் எழுதுங்கள். திங்கள் முதல் 'பப்ளிஷர்' என்ற சொல்லை எடுக்கிறோம். 'பதிப்பாளர்' வேண்டாம் என்பது என் எண்ணம், ஏனென்றால் என் அக்கா எந்தப் புத்தகமும் பதிப்பிக்கவில்லை. விளம்பரத்துக்குத் தன் பக்கத்தில் இடம் தருகிறார். அங்கிருந்து தொடங்கலாம்.