பூல் மேசைக்கு அடியில் லேமினேட் தரை பிளக்கிறது, பந்தும் ஒரே பக்கம் ஓடுகிறது. எந்தத் தரை போடலாம்?

நீலச்சாக்:
வணக்கம். நான்கு மாதங்களுக்கு முன்பு, ஒருவர் ஆடிக்கொண்டிருந்த எட்டடி பூல் மேசையை வாங்கி வீட்டில் போட்டோம். துணிக்கு அடியில் ஒரு அங்குலக் கனத்தில் மூன்று துண்டு ஸ்லேட் (கல் பலகை), நான்கு கால். அறை தரைத்தளத்தில்தான் இருக்கிறது. கீழே கான்கிரீட், அதன்மேல் 3 மி.மீ. ஃபோம், அதற்கும் மேல் கிளிக் மாட்டுகிற 8 மி.மீ. லேமினேட் பலகை. மேசை வருவதற்கு ஒரு மாதம் முன்புதான் ஆசையாகப் போட்ட தரை.

பொருத்திக் கொடுத்த அன்று மட்டம் அருமையாக இருந்தது. இப்போது மெதுவாக உருட்டும் பந்தெல்லாம் கடைசி இரண்டடியில் ஜன்னல் பக்கத்து மூலைப் பாக்கெட்டை நோக்கி வளைகிறது. ஆப்பு வைத்துச் சரி செய்தேன். மூன்று வாரத்தில் மறுபடி அதே கதை. இதற்கிடையே கதவுப் பக்கம் இரண்டு பலகைக்கு நடுவே நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருக்கிறது. எதிர்ச்சுவர் ஓரம் ஒரு பலகை லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, மிதித்தால் கிறீச்சென்கிறது.

கோளாறு மேசையிலா, தரையிலா? தரையை மாற்றத்தான் வேண்டும் என்றால் டைல்ஸ், கம்பளம், வினைல், மரம், இதில் எதைப் போடுவது? இந்த மேசையே அப்பாவுக்காக வாங்கியது. அவருக்கு 71 வயது, ஒரு முழங்காலில் வலி உண்டு, தினமும் இரண்டு மணி நேரமாவது ஆடுகிறார். அவர் வழுக்கி விழாத தரையாக இருக்க வேண்டும். எனக்கு அதுதான் முதல் கவலை.

மூலைப்பை:
யோசிக்காமல் டைல்ஸ் போடுங்கள் நண்பரே. எங்கள் மேசை பத்து வருடமாக டைல்ஸ் மேல்தான் நிற்கிறது. முதல் நாள் மட்டம் பார்த்ததோடு சரி, அப்புறம் ஆப்பைத் தொடவே இல்லை. கான்கிரீட்டில் ஒட்டிய டைல்ஸ் அமுங்காது, நகராது. துடைப்பதும் சுலபம்.

ஸ்லேட்காரர்:
தம்பி, எதையும் பெயர்ப்பதற்கு முன்னால் இரண்டு சோதனை செய்யுங்கள். நான் மேசை பொருத்தும் வேலையில் இருப்பவன், இந்த மாதிரி வீடுகளுக்கு நிறையப் போயிருக்கிறேன்.

முதலில் நல்ல ரசமட்டம் ஒன்றை ஜன்னல் பக்கத்துக் காலுக்கு நேர் மேலே, துணியின் மேல் வையுங்கள். ஒருவர் குமிழியைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். இன்னொருவர் மேசையைத் தொடாமல், அந்தக் காலை ஒட்டி வந்து நிற்கட்டும், பிறகு விலகட்டும். இரண்டாவது, மேசையின் நீளத்தை மூன்றாகப் பிரித்தால் இரண்டு இடத்தில் ஸ்லேட் துண்டுகள் சேரும். அந்த இடங்களில் விரல்நுனியைத் துணிமேல் மெல்ல ஓட்டிப் பாருங்கள், படி மாதிரி ஏதாவது தட்டுகிறதா என்று. என்ன தெரிகிறது என்று எழுதுங்கள்.

நீலச்சாக்:
பார்த்துவிட்டேன் ஐயா. நான் காலருகே போய் நின்றதும் குமிழி அரைக்கோடு நகர்ந்தது, விலகியதும் பழைய இடத்துக்கே வந்தது. அப்பா நின்று பார்த்தபோதும் அப்படியே. ஸ்லேட் சேரும் இடத்தில் விரலுக்கு எதுவும் தட்டவில்லை.

ஸ்லேட்காரர்:
அப்படியானால் மேசையில் குறை இல்லை. ஸ்லேட் இணைப்பை மெழுகு வைத்து ஒழுங்காக மூடியிருக்கிறார்கள். கோளாறு முழுக்கத் தரையில்தான். அதுவும் ஒன்றல்ல, இரண்டு.

உங்கள் மேசையில் ஸ்லேட் மட்டுமே 200 கிலோவுக்கு மேல் இருக்கும். சட்டம், கால், பந்து மோதித் திரும்பும் ஓரக் குஷன் எல்லாம் சேர்ந்தால் கிட்டத்தட்ட 400 கிலோ. ஒரு காலுக்கு 100 கிலோ. அந்தக் காலின் அடியில் மட்டம் திருகுகிற பாதம் 5 செ.மீ. அகலம்தான் என்றால், தொடும் பரப்பு 20 சதுர செ.மீ. கூட வராது. ஒரு சதுர செ.மீ.க்கு 5 கிலோவுக்கு மேல் இரவும் பகலும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. அதற்குக் கீழே இருப்பதோ 3 மி.மீ. ஃபோம். அது ஒரே நாளில் நசுங்காது, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உட்காரும். அதனால்தான் நீங்கள் வைத்த ஆப்பு மூன்று வாரம் தாங்கியது. பூல் மேசைக்கான டபிள்யூ.பி.ஏ. (உலகப் பூல் ஆட்டச் சங்கம்) விதியில் ஆடுதளத்தின் ஏற்றத்தாழ்வு நீளவாக்கில் அரை மி.மீ., குறுக்கே கால் மி.மீ., அதற்கு மேல் போகக் கூடாது. ஒரு கால் 1 மி.மீ. இறங்கினாலே மெதுவான பந்து காட்டிக் கொடுத்துவிடும்.

இரண்டாவது கோளாறு அந்த இடைவெளி. கிளிக் பலகைத் தரை கான்கிரீட்டோடு ஒட்டாமல், ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு மேலே சும்மா கிடப்பது. லேமினேட்டுக்குள் இருப்பது அழுத்திய மரநார், ஈரக்காற்றில் விரியும், காய்ந்தால் சுருங்கும். மொத்தத் தரையும் ஒரே விரிப்பாக நகர வேண்டும் என்றுதான் சுவரோரம் 8, 10 மி.மீ. இடம் விட்டு ஸ்கர்ட்டிங்கால், அதாவது சுவரடிப் பட்டையால் மறைக்கிறார்கள். நீங்கள் நடுவில் 400 கிலோவைத் தூக்கி வைத்து நான்கு இடத்தில் ஆணி அடித்த மாதிரி பிடித்துவிட்டீர்கள். நகர முடியாத விரிப்பு சுருங்கும்போது மாட்டு விட்டுப் பிளக்கிறது, விரியும்போது சுவரோரம் தூக்குகிறது. கதவுப் பக்கமும் எதிர்ச்சுவரிலும் நீங்கள் பார்ப்பது இதைத்தான்.

நீலச்சாக்:
இப்போதுதான் விளங்குகிறது. கல்தூள் கலந்த எஸ்.பி.சி. வினைல் பலகை கெட்டியாக இருக்கும், அது போடலாம் என்று ஒரு கடையில் சொன்னார்கள். அதுவும் கிளிக் மாட்டுவதுதான்.

தரைவேலை:
வேண்டாம் தம்பி. நான் தரை ஒட்டும் வேலை செய்கிறேன். எஸ்.பி.சி. ஈரத்துக்கு அசையாது, உண்மைதான். ஆனால் ஜன்னல் வெயில் பட்டால் விரியும். அதுவும் ஒட்டாமல் கிடக்கிற தரைதான், கனத்தை நடுவில் வைத்தால் அதன் மாட்டும் விட்டுவிடும். பலகை பெட்டியோடு வரும் தாளைப் படித்துப் பாருங்கள், பெரிய கனம் வைக்கக் கூடாது என்று பல நிறுவனங்கள் அதிலேயே எழுதியிருக்கும்.

உங்கள் அறைக்கு என் தேர்வு, கான்கிரீட்டிலேயே பசை போட்டு ஒட்டுகிற வினைல் பலகை. 2.5 அல்லது 3 மி.மீ. கனம், கீழே ஃபோம் கிடையாது. பளபளப்பு இல்லாமல் மேல்பரப்பு சொரசொரப்பாக இருக்கிற வகையாகப் பாருங்கள். காலுறையோடு நடந்தாலும் பிடிப்பு இருக்கும்.

ஆனால் ஒட்டுவதற்கு முன் கான்கிரீட் ஈரமா என்று பார்த்தே ஆக வேண்டும், நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். லேமினேட்டைப் பெயர்த்ததும், 45 செ.மீ. சதுரத்துக்குக் கெட்டியான பிளாஸ்டிக் தாள் ஒன்றை வெட்டி, வெறும் கான்கிரீட்டில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டிவிடுங்கள். 16 மணி நேரமாவது அப்படியே விடுங்கள், ஒரு முழு நாள் விட்டால் இன்னும் நல்லது. எடுத்துப் பார்க்கும்போது தாளின் உள்பக்கம் வேர்த்திருந்தாலோ, அந்த இடத்தில் கான்கிரீட் கறுத்திருந்தாலோ ஒட்டாதீர்கள். முதலில் ஈரத்தைத் தடுக்கிற பூச்சு அடிக்க வேண்டும். ஜன்னலடியில் ஒன்று, நடுவில் ஒன்று, குளியலறைச் சுவர் ஒட்டியிருந்தால் அங்கே ஒன்று என்று மூன்று இடத்தில் பாருங்கள்.

மூலைப்பை:
இவ்வளவு சிரமம் எதற்கு? டைல்ஸில் ஈரம், பசை எதுவுமே கவலையில்லையே.

தரைவேலை:
மேசைக்கு டைல்ஸ் நல்ல தரைதான், மறுக்கவில்லை. நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஒட்டும்போது கீழே சாந்து முழுக்கப் பரவியிருக்க வேண்டும். நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து ஒட்டிய டைலாக இருந்தால், கால் வந்து உட்காரும் இடம் காலியாக இருக்கும். ஒரு நாள் விரிசல் விடும். ஒரு காசை எடுத்து டைல் முழுக்கத் தட்டிப் பார்த்தால் தெரியும், காலியாக இருக்கிற இடத்தில் சத்தம் மாறும்.

இன்னொன்று, கேட்டவருக்கு மேசை மட்டும் கவலை இல்லை, அப்பாவும் இருக்கிறார். இரண்டு மணி நேரம் மேசையைச் சுற்றிச் சுற்றி நடக்கிற முழங்காலுக்கு டைல்ஸ் கடினம். எட்டிக் குனிந்து அடிக்கும்போது ஒரு காலில்தான் உடம்பு நிற்கும். அந்தக் கால் வழுக்கக் கூடாது.

மூலைப்பை:
அதை நான் யோசிக்கவில்லை, சரிதான். பந்து விழுந்து எங்கள் டைல்ஸில் இரண்டு இடம் சில்லு போயிருப்பதையும் சொல்லியிருக்க வேண்டும். மேசை உயரத்திலிருந்து 160, 170 கிராம் பந்து விழுந்தால் டைலின் ஓரம் பெயர்ந்துவிடுகிறது. பந்திலும் ஒரு சின்னப் பள்ளம் விழுந்து, அந்த ஒன்று இப்போதும் ஆடி ஆடித்தான் உருள்கிறது. டைல்களுக்கு நடுவே உள்ள கிரவுட் வரிசையில், ஆடும் கோலின் நுனியில் தடவுகிற சாக் தூள் இறங்கி நீலமாகவே நின்றுவிட்டது.

பச்சைத்துணி:
தம்பி, கம்பளத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. எங்கள் வீட்டில் குட்டை இழைக் கம்பளம்தான், கீழே மெல்லிய, கெட்டியான பேட். காலுக்கு அவ்வளவு இதம். பந்து விழுந்தால் தொப் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அறையில் எதிரொலியும் குறைவு. ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், முதல் இரண்டு மாதம் கால்கள் இறங்கிக்கொண்டே இருந்தன, மூன்று முறை மட்டம் பார்த்தோம். அதன்பிறகு அசையவில்லை. நீள இழையோ தடித்த பேடோ போட்டால் இது ஓயாது.

சாக் தூள் விழுந்தால் ஈரத்துணி வைத்துத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். நான் ஒருமுறை அப்படித் தேய்த்து, உள்ளங்கை அளவு நீலக் கறை இன்னும் போகவில்லை. காய்ந்தபடியே வாக்யூம் போட்டு இழுத்தால் வந்துவிடும்.

நீலச்சாக்:
அக்கா, நன்றி. நடக்கும் இடம் மெத்தென்று இருக்க வேண்டும், கால் நிற்கும் இடம் கெட்டியாக இருக்க வேண்டும். இரண்டையும் பிரித்துவிட முடியாதா?

ஸ்லேட்காரர்:
முடியும், அப்படித்தான் செய்ய வேண்டும். மேசைக்குத் தெரிவது நான்கு காலடி இடம் மட்டும்தான். மீதி அறை முழுவதும் ஆடுகிறவர்களுக்கு. தரைவேலை சொன்ன மாதிரி அறை முழுக்க வினைலை ஒட்டுங்கள். மேசை நின்றபிறகு, அதைச் சுற்றி நடக்கும் பாதையில் மட்டும் குட்டை இழைக் கம்பளச் சதுரங்களைப் போட்டுக்கொள்ளுங்கள். கால்களுக்கு அடியில் கம்பளம் போகக் கூடாது. 58 அங்குலக் கியூ (ஆடும் கோல்) என்றால் மேசையைச் சுற்றி ஏறக்குறைய ஐந்தடி, கம்பளம் அந்த அகலம் முழுவதும் சுவர்வரை போகட்டும். நடுவில் முடிந்தால் அந்த விளிம்பில் அப்பாவுக்குக் கால் தடுக்கும்.

வினைலை நேரே கால் பாதம் குத்த விடாதீர்கள். 15 செ.மீ. சதுரத்தில், 18 மி.மீ. பிளைவுட்டில் நான்கு தட்டு வெட்டிக்கொள்ளுங்கள். பரப்பு 225 சதுர செ.மீ. ஆகிவிடும், ஒரு சதுர செ.மீ.க்கு அரை கிலோ கூட வராது. அடியில் ரப்பர் ஒட்டாதீர்கள். ரப்பர் பட்ட இடத்தில் வினைல் மஞ்சளாகும், அந்தக் கறை எதிலும் போகாது. கம்பளச் சதுரத்தின் அடியும் ரப்பராக இருக்கக் கூடாது, வாங்கும்போதே கேளுங்கள்.

தரையில் வாட்டம் இருந்தால் பயப்படாதீர்கள். 5 மி.மீ. வாட்டம் இருந்தாலும் ஆப்பு வைத்து நான் மட்டம் கொண்டுவருவேன். வாட்டமான தரையில் மேசை நிற்கும், அமுங்குகிற தரையில்தான் நிற்காது.

கடைசியாக ஒன்று, கெஞ்சிக் கேட்கிறேன். நாலு பேர் சேர்ந்து மேசையை அப்படியே தூக்கி நகர்த்தப் பார்க்காதீர்கள். மூன்று துண்டு ஸ்லேட் இணைப்பு விட்டுப்போகும், யாராவது ஒருவருக்கு இடுப்பும் போகும். பிரித்துத்தான் எடுக்க வேண்டும். துணியைக் கழற்றினால் மறுபடி அதே இறுக்கத்தில் வருவது சந்தேகம், புதுத் துணிக்கும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். முதலில் தரை, பசை நன்றாகக் காய்ந்தபிறகு மேசை.

நீலச்சாக்:
ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், வேலை முடிந்துவிட்டது. மேசையைப் பிரித்து, ஸ்லேட்டைப் பக்கத்து அறையில் செங்குத்தாகச் சுவரோரம் சாய்த்து வைத்தோம். லேமினேட்டைப் பெயர்த்தபோது ஜன்னல் பக்கத்துக் கால் இருந்த இடத்தில் ஃபோம் காகிதம் மாதிரி ஆகியிருந்தது. அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் விரல் தெரிகிறது. மற்ற இடத்தில் புதுசு போலவே இருந்தது.

பிளாஸ்டிக் தாள் சோதனையில் நடுவிலும் கதவுப் பக்கமும் உலர்வாக வந்தது, ஜன்னலடியில் மட்டும் வேர்த்திருந்தது. தரைவேலை அண்ணா அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நேராக ஒட்டியிருப்பேன். தடுப்புப் பூச்சு அடித்து, அது காய்ந்ததும் மறுபடி தாள் ஒட்டிப் பார்த்து, உலர்வாக வந்தபிறகுதான் வினைல் போட்டோம். பிளைவுட் தட்டு நான்கும் வைத்தாயிற்று. கம்பளச் சதுரம் சாம்பல் நிறம், அடியில் ஃபெல்ட், சுவர்வரை.

ஐயா சொன்ன ரசமட்டச் சோதனையை மறுபடி செய்தேன். காலருகே நின்றேன், குமிழி அசையவில்லை. அப்பா செருப்பில்லாமல் ஆடுகிறார். நேற்று ஒன்பதாவது பந்தை மேசை நீளத்துக்கு மெதுவாக விட்டார், நேராகப் போய் எதிர்க் குஷனைத் தொட்டு நின்றது. அதையே நான்கு முறை விட்டுப் பார்த்தார்.

ஸ்லேட்காரர்:
நல்லது தம்பி. ஒரு மாதம் கழித்து ஒருமுறை மட்டம் பாருங்கள், பிளைவுட் துளி உட்கார்ந்திருக்கும். ஆப்பைச் சுத்தியால் அடிக்காதீர்கள், அந்தப் பக்கத்துச் சட்டத்துக்கு ஜாக் கொடுத்து லேசாகத் தூக்கிவிட்டுக் கையால் தள்ளினால் போதும். அப்பாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.