பல்லடுக்கு ஆதரவு முறைமை: பள்ளிக்கல்விக் கலைச்சொல் குறித்து

அன்புடையீர், வணக்கம்.

அமெரிக்கப் பள்ளிகளில் எம்.டி.எஸ்.எஸ். என்று சுருக்கமாக வழங்கும் 'மல்ட்டி டியர்ட் சிஸ்டம் ஆஃப் சப்போர்ட்ஸ்', அதாவது மாணவர்களின் தேவைக்கேற்ப உதவியைக் கூட்டிக்கொண்டே செல்லும் ஏற்பாடு, என்பதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்ற கேள்விக்கு, பல்நிலை உதவித் திட்டம், படிநிலை ஆதரவு அமைப்பு, பன்மட்டத் துணை ஏற்பாடு, அடுக்குமுறை உறுதுணை ஆகிய பரிந்துரைகள் இந்த இழையில் இதுவரை வந்துள்ளன. 'சிஸ்டம்' என்பதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 'அமைப்பு' என்றால் ஏதோ ஒரு சங்கத்தைச் சொல்வதாகப் படும், 'திட்டம்' என்றால் நிதி ஒதுக்கீடு முடிந்ததும் நின்றுவிடும் ஒன்றாகத் தோன்றும், 'முறைமை' போதும். உண்மையான சிக்கல் 'டியர்', 'சப்போர்ட்' ஆகிய இரண்டிலும்தான் இருக்கிறது. முந்தைய மடல் ஒன்றில் இப்படி எழுதப்பட்டிருந்தது:

> நிலை, படி, மட்டம், அடுக்கு எல்லாம் ஏறக்குறைய ஒரே பொருள்தானே, செவிக்கு இனிமையானதை வைத்துக்கொள்ளலாம்.

இதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த ஏற்பாடு நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்பதைப் பார்த்தால், இந்நான்கு சொற்களும் நான்கு வெவ்வேறு பொருள்களைத் தருவது தெரியும்.

பள்ளியிலுள்ள எல்லா மாணவர்களுக்கும் வகுப்பறையில் கிடைக்கும் நல்ல கற்பித்தலும், பள்ளி முழுவதற்கும் பொதுவான நடத்தை எதிர்பார்ப்புகளும் முதல் அடுக்கு. அது போதாத மாணவர்களுக்குச் சிறு குழுக்களில் கூடுதல் பயிற்சி தருவது இரண்டாம் அடுக்கு. அதுவும் போதாதவர்களுக்கு அவரவர் தேவைக்கேற்பத் தனியாக வகுக்கப்பட்ட தீவிர உதவி மூன்றாம் அடுக்கு. முதல் அடுக்கே ஏறத்தாழ 80 விழுக்காட்டினருக்குப் போதுமானதாக இருக்க வேண்டும், 15 விழுக்காட்டினர் அளவில் இரண்டாம் அடுக்கையும் 5 விழுக்காட்டினர் அளவில் மூன்றாம் அடுக்கையும் நாட நேரலாம் என்பது திட்டமிடுவதற்கான பொதுக் கணக்கு. அது யாருக்கும் விதிக்கப்பட்ட ஒதுக்கீடு அல்ல. இதில் பலரும் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு. இரண்டாம் அடுக்குக்குச் செல்லும் மாணவர் முதல் அடுக்கை விட்டுவிடுவதில்லை. சக மாணவர்களோடு வகுப்பறைப் பாடத்தை முழுமையாகக் கற்றுக்கொண்டே, அதன் மேல் இன்னொன்றையும் பெறுகிறார். முன்பு இருந்ததை அகற்றாமல் அதன் மேல் மற்றொன்றை வைப்பதற்குத் தமிழில் அடுக்குதல் என்றுதான் பெயர்.

'படி' இதற்கு நேர்மாறானது. படியில் ஏறுபவர் கீழ்ப்படியிலிருந்து காலை எடுத்துவிடுகிறார். மேலே செல்வது உயர்வு என்ற எண்ணமும் கூடவே வருகிறது. இங்கோ எண் கூடக்கூடத் தேவைதான் கூடுகிறது. 'படிநிலை' என்றதும் சமூக ஏற்றத்தாழ்வு நினைவுக்கு வருவதையும் தவிர்க்க முடியாது. இவற்றையெல்லாம்விட முக்கியமான தடை வேறொன்று. முதல் படி, இரண்டாம் படி என்று வரிசையாக ஏறி முடித்த பிறகே மூன்றாம் படிக்கு வர முடியும் என்ற பொருளை அச்சொல் தானாகவே தந்துவிடுகிறது. இந்தத் தவறான புரிதல் அமெரிக்காவிலேயே சிக்கலாகி, அடுக்குகளின் முடிவு தெரியட்டும் என்று காரணம் காட்டி ஒரு குழந்தைக்குச் சிறப்புக் கல்வி தேவையா என்னும் மதிப்பீட்டைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்று 2011-இல் அந்நாட்டுக் கல்வித் துறை மாநிலங்களுக்குத் தனியே எழுதித் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. மூல மொழியிலேயே இவ்வளவு குழப்பம் விளைவித்த ஒன்றைத் தமிழ்ச் சொல்லுக்குள் நாமே பொதித்து வைக்க வேண்டாம்.

'நிலை' என்பதற்கு ஆதரவாக முன்வைக்கப்பட்ட வாதம் வலுவானது. ஜெரால்டு கேப்லன் 1960-களில் உளநலத் துறையில் விளக்கிய முதல்நிலை, இரண்டாம்நிலை, மூன்றாம்நிலைத் தடுப்பு என்ற பகுப்பிலிருந்தே பள்ளிகளின் மூன்று அடுக்குகளும் கிளைத்தன என்பதும், மருத்துவத் தமிழில் 'நிலை' ஏற்கெனவே ஊன்றிவிட்டது என்பதும் உண்மை. ஆனால் நாம் சொல் தேடுவது பள்ளிக்கல்விக்கு. அங்கே தொடக்கநிலை, நடுநிலை, மேல்நிலை என்று வகுப்புகளையே நிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறோம். இலங்கைத் தமிழில் மூன்றாம் நிலைக் கல்வி என்றால் பள்ளிப் படிப்புக்குப் பிந்தைய உயர்கல்வி. 'மூன்றாம் நிலை ஆதரவு' என்று அறிக்கையில் எழுதினால், கொழும்பில் படிப்பவர் அதைப் பல்கலைக்கழக மாணவருக்கு உரியதென்று எடுத்துக்கொள்ளக்கூடும். 'மட்டம்' குறித்து ஒரு வரி போதும்: 'மட்டமான' என்ற பேச்சுவழக்குப் பொருள் பெற்றோர் காதில் விழாமல் இருக்காது.

ஆகவே 'அடுக்கு' என்பதே என் தேர்வு. பல்லடுக்கு என்று புணரும்போது பல் மருத்துவத்தை நினைவூட்டுவதாக ஒருவர் நகைச்சுவையாக எழுதியிருந்தார். பல்லூடகத்தையும் பல்லுயிரையும் பழக்கப்படுத்திக்கொண்ட நமக்கு இதுவும் பழகிவிடும். மூன்று அடுக்குகள்தானே, 'மூவடுக்கு' என்றே சொல்லலாமே என்ற கருத்தும் வந்தது. சில இடங்களில் நான்கு அடுக்குகளாகவும் வகுத்துக்கொள்கிறார்கள் என்பதால் எண்ணைப் பெயருக்குள் வைக்காமல் விடுவது நல்லது.

'சப்போர்ட்' என்பதற்கு வருகிறேன். 'துணை' நல்ல தமிழ்தான், ஆனால் பள்ளி வளாகத்துக்குள் அதன் கதை வேறு. துணைப்பாடம் என்றால் முதன்மையற்ற பாடம். துணைத்தேர்வு என்றால் தேர்ச்சி பெறாதவர் எழுதும் தேர்வு. தோல்வி அடையும்வரை காத்திருந்து பிறகு கைகொடுக்கும் வழக்கத்துக்கு மாற்றாகத்தான் இந்த முறைமையே உருவானது. 1977-இல் வந்த அமெரிக்கச் சிறப்புக் கல்வி விதிகள், கற்றல் குறைபாட்டை உறுதிசெய்ய மாணவரின் அறிவுத்திறனுக்கும் அடைவுக்கும் இடையே பெரும் இடைவெளி இருக்க வேண்டும் என்றன. அந்த இடைவெளி தெரியும் அளவுக்குப் பெரிதாவதற்குள் குழந்தை சில வகுப்புகளைக் கடந்துவிடும். அவ்வாறு இடைவெளியைப் பார்த்தாக வேண்டும் என்று மாநிலங்கள் பள்ளி நிர்வாகங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும், ஆய்வுச் சான்றுள்ள இடையீட்டுக்கு (கூடுதல் கற்பித்தல் உதவிக்கு) மாணவரிடம் தென்படும் துலங்கலைக் (எதிர்வினையைக்) கொண்டும் முடிவு செய்ய இடமளிக்கலாம் என்றும் அந்நாட்டுச் சிறப்புக் கல்விச் சட்டத்தின் 2004-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறியது. இந்த வரலாற்றை உடைய ஒன்றுக்குத் துணைத்தேர்வின் சாயல் படிந்த சொல் பொருந்தாது. 'உதவி' என்பது தொகையாகவோ பொருளாகவோ கையில் கொடுப்பதையே முதலில் குறிக்கும். 'உறுதுணை', என்னைக் கேட்டால், நன்றியுரைக்கு மட்டுமே உரிய சொல்லாகிவிட்டது.

எஞ்சுவது 'ஆதரவு'. இதில் கவனிக்க வேண்டிய ஓர் இடறல் இருக்கிறது. 'நடத்தை ஆதரவு' என்று நேரடியாகத் தொகைச்சொல் ஆக்கினால், மாணவரின் நடத்தையை ஆதரிப்பது என்ற பொருளும் அதற்கு வந்துவிடும். வகுப்பில் நாற்காலியைத் தள்ளிவிட்ட சிறுவனின் செயலுக்குப் பள்ளியே ஆதரவு தெரிவிப்பதாகப் பெற்றோர் ஒருவர் சண்டைக்கு வந்தால் அவர்மீது குற்றம் சொல்ல முடியாது. இதைத் தவிர்க்க, 'கற்றல்சார் ஆதரவு', 'நடத்தைசார் ஆதரவு' என்று 'சார்' சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் பரிந்துரை.

சொற்கள் சொற்றொடரில் தாக்குப்பிடிக்கின்றனவா என்று இரண்டு இடங்களில் எழுதிப் பார்த்தேன். முதலாவது வாசிப்பு: "இரண்டாம் அடுக்கு ஆதரவு பெறும் மாணவி, தன் வகுப்புக்குரிய பத்தி ஒன்றை ஒரு நிமிடம் உரக்க வாசிக்கிறாள், ஆசிரியர் தம்மிடமுள்ள பிரதியில் பிழையான சொற்களைக் கோடிட்டு, சரியாக வாசித்த சொற்களின் எண்ணிக்கையை வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் குறிக்கிறார், அடுத்தடுத்த நான்கு புள்ளிகள் இலக்குக் கோட்டுக்குக் கீழே விழுந்தால், மாணவியைக் குறை கூறாமல் கற்பிக்கும் முறையை மாற்றுகிறார்." மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டெனோ உருவாக்கிய அளவீட்டு வழியின் சாரம் இதுவே. இரண்டாவது நடத்தை: "காலையில் மாணவன் தனக்கென நியமிக்கப்பட்ட பெரியவரைச் சந்தித்து அன்றைய நடத்தை அட்டையைப் பெறுகிறான், ஒவ்வொரு பாடவேளை முடிவிலும் ஆசிரியர் அதில் 0, 1, 2 என்ற புள்ளிகளுள் ஒன்றை இடுகிறார், மாலையில் அதே பெரியவரோடு அமர்ந்து கூட்டிப் பார்த்து, வீட்டுக்குக் கொண்டுசென்று கையொப்பம் வாங்கி வருகிறான்." இந்த இரண்டாம் அடுக்கு நடைமுறையைக் 'காலை மாலைச் சந்திப்பு' என்று சொன்னாலே விளங்குகிறது, இதற்குத் தனிக் கலைச்சொல் தேட வேண்டியதில்லை.

எழுதிப் பார்த்தபோது ஒரு விதியின் தேவையும் புலப்பட்டது. 'மூன்றாம் அடுக்கு மாணவர்' என்று எங்கும் எழுதக் கூடாது. அடுக்கு ஆதரவுக்கு உரியது, ஆளுக்கு உரியது அன்று. ஒரே மாணவி வாசிப்பில் மூன்றாம் அடுக்கு ஆதரவும், கணக்கில் முதல் அடுக்கு மட்டும் பெற்றுக்கொண்டிருக்கலாம். பத்து வாரங்களில் அந்த மூன்றாம் அடுக்கு தேவைப்படாமலும் போகலாம். 'மூன்றாம் அடுக்கு ஆதரவு பெறும் மாணவர்' என்று நீட்டி எழுதுவது சற்றுச் சலிப்பூட்டினாலும், சுருக்கினால் அது பட்டப்பெயராகி வகுப்பறையில் ஒலிக்கத் தொடங்கிவிடும். கலைச்சொல் பட்டியலில் இந்தக் குறிப்பைச் சொல்லுக்கு அருகிலேயே இட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

'இன்டர்வென்ஷன்' என்பதற்குத் 'தலையீடு' வேண்டாம். அரசியல் தலையீட்டின் நெடி அதில் இருக்கிறது. நீதிமன்றத் தமிழில் இடையீட்டு மனு ஏற்கெனவே இருப்பதால் 'இடையீடு' என்று கொள்ளலாம். 'ரெஸ்பான்ஸ்' என்பதற்கு உளவியல் பாடநூல்களின் 'துலங்கல்' இருக்கவே இருக்கிறது; ஆக, ஆர்.டி.ஐ. ('ரெஸ்பான்ஸ் டு இன்டர்வென்ஷன்') எனப்படும், எம்.டி.எஸ்.எஸ்.-க்கு முந்தைய முறைக்கு 'இடையீட்டுத் துலங்கல்' என்பது சரியாக அமையும். ஆண்டுக்கு மூன்று முறை எல்லா மாணவர்களையும் பார்க்கும் 'ஸ்க்ரீனிங்'கிற்கு 'வடிகட்டல்' என்ற பரிந்துரையை மட்டும் நான் கடுமையாக எதிர்க்கிறேன். வடிகட்டுவது வெளியே தள்ளுவதற்கு. இது யாரும் கவனிக்காமல் விடுபட்டுப் போய்விடக் கூடாது என்பதற்கு. 'பொது முன்னாய்வு' என்பது என் மாற்று. வகுத்த முறையை வகுத்தபடியே செயல்படுத்துகிறார்களா என்பதைக் குறிக்கும் 'ஃபிடெலிட்டி'க்கு 'நெறி வழுவாமை' என்று வைத்திருக்கிறேன். ஆசிரியர் கையேட்டில் வைக்க அது கொஞ்சம் கனமாக இருக்கிறது. இதைவிட எளிய சொல் யாரிடமாவது இருந்தால், பட்டியலை இறுதிசெய்யும் முன் இந்த இழையிலேயே எழுதிவிடுங்கள்.