திரைக்கு மேல் சாரத்தைப் போட்டுவிட்டுக் கேட்டபோது

விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், பார்வையற்றவர்களுக்காகத் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் நரேட்டர் பேசத் தொடங்கும். எனக்கு அது கைதவறிப் பட்டுவிட்டால் பதறிக்கொண்டு நிறுத்துகிற ஒரு சத்தம், அவ்வளவுதான். போன மாதம்தான் முதல்முறை வேண்டுமென்றே அழுத்தினேன். நடந்ததை எழுதுகிறேன், உங்களிடமும் இப்படி ஏதும் இருந்தால் கீழே போடுங்கள்.

திருகோணமலை உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதிக்கு வெப்சைட் செய்து கொடுத்திருந்தேன். புறாத்தீவுக்குப் படகு, சீசனில் திமிங்கிலம் பார்க்கப் போவது, கோணேஸ்வரத்துக்கு ஓட்டோ என்று எல்லாம் அதில் உண்டு. முதலாளிக்கும் திருப்தி. அன்புவழிபுரத்தில் எனக்குப் படிப்பித்த மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். பார்வை போய்ப் பல வருடம். கொழும்பிலிருந்து வரும் மகன் குடும்பத்துக்கு அறை எடுக்க அந்தத் தளத்துக்குப் போயிருக்கிறார். இரவு போன் வந்தது. "தம்பி, நீர் செய்த சைட் என்னோடு கதைக்க மாட்டன் என்குது."

உடனே நரேட்டரைப் போட்டுப் பார்த்தேன். எனக்கு எல்லாம் சரியாகத்தான் பட்டது. அப்படியே அவரிடம் சொன்னேன். "நீர் திரையைப் பார்த்துக்கொண்டுதானே கேட்கிறீர்? மூடிப்போட்டுக் கேளும்" என்றார். லப்டொப்பை மூடினால் அது தூங்கிவிடும். கொடியில் கிடந்த, இடுப்பில் கட்டும் சாரத்தை எடுத்துத் திரைக்கு மேல் போட்டேன்.

அதன் பிறகுதான் உண்மையான பரிசோதனை. எச் கீயை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குப் போகவேண்டும். போகவில்லை, ஏனென்றால் பக்கத்தில் தலைப்பே இல்லை. நான் எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கி வைத்திருந்தேனே தவிர, தலைப்பென்று குறித்திருக்கவில்லை. படங்கள் வந்தபோது ஃபைல் பெயரை இலக்கம் இலக்கமாக ஒப்பித்தது. ஆள் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கும் இடத்தில் "பட்டன், பட்டன்" என்றது. எது கூட்டும், எது குறைக்கும் என்று சாரத்துக்கு இந்தப் பக்கம் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? திகதி தெரியும் கலண்டருக்குள் டேப் கீ நுழையவே இல்லை. அதைத் தாண்டி நேரே பக்கத்தின் அடிப்பகுதிக்குப் போய்விட்டது. மாஸ்டர் அங்கேதான் மாட்டியிருக்கிறார்.

இவற்றையெல்லாம் விட என்னைத் தலைகுனிய வைத்தது வரவேற்புப் பந்தி. முதலாளி பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டி அனுப்பியதை, எழுத்துருவையும் சேர்த்து அப்படியே ஒட்டியிருந்தேன். கண்ணுக்கு நல்ல தமிழ். ஆனால் பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்; மேலே தமிழ் வடிவம் போர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான். 'திருகோணமலை' என்ற சொல்லில் நின்று எழுத்தெழுத்தாகக் கேட்டேன்: ஜே, பி, யூ, என், எஃப், எச், இசட், கே, ஐ, வை. எங்கள் ஊரின் பெயர்! இலங்கையில் இன்னும் எத்தனை பழைய தளங்கள் இப்படிக் கிடக்கின்றனவோ.

உள்ளேயும் தமிழ் எழுத்தாகவே இருக்கும் யூனிகோடுக்கு மாற்றினேன். இப்போது மௌனம். ஆங்கிலக் குரலுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. விண்டோஸ் அமைப்புகளில் பேச்சு என்ற இடத்தில் தமிழ்க் குரலைச் சேர்க்கலாம். அதற்கு வள்ளுவர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வள்ளுவர் வாயால் புறாத்தீவுப் படகுக் கட்டணத்தைக் கேட்பது ஒரு தனி அனுபவம்.

கலண்டரோடு இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் தூக்கியெறிந்தேன். வரும் திகதி, போகும் திகதி என்று இரண்டு சாதாரணப் பெட்டிகள் போட்டேன். மாஸ்டர் அன்றைக்கே அறை எடுத்துவிட்டார்.

மறுமொழி 1

ஓர்ஸ்ஹில்லிலிருந்து எழுதுகிறேன், நான் மக் பாவிக்கிறேன். இதில் கமாண்ட் எஃப்5 அழுத்தினால், நரேட்டர் போலவே வாசிக்கும் வாய்ஸ்ஓவர் வரும். 2005இல் வந்த டைகர் பதிப்பிலிருந்தே உள்ளே இருக்கிறது. சாரம் தேவையில்லை அண்ணன், திரையைக் கறுப்பாக்கும் வசதி அதிலேயே உண்டு. முதல் தடவை அதைப் போட்டுவிட்டு, திரும்ப எடுக்கத் தெரியாமல் கால் மணித்தியாலம் இருட்டுக்குள் இருந்தேன். என் சொந்தத் தளத்தில் 'மேலும் வாசிக்க' என்று பதினொரு இணைப்பு. எதை மேலும் வாசிக்க என்று ஒன்றிலும் இல்லை.

மறுமொழி 2

நல்ல பதிவு, ஆனால் ஒரு விஷயம். நரேட்டரில் சரிவந்தது என்று விட்டுவிடாதீர்கள். பார்வையற்ற நிறையப் பேர் பாவிப்பது என்விடிஏ என்ற வேறொரு திரைவாசிப்பான், இலவசம்தான், இறக்கிக்கொள்ளலாம். இரண்டும் ஒரே பக்கத்தை வேறு வேறு மாதிரி வாசிக்கும். அப்புறம் பக்கத்தின் மொழி தமிழ் என்று கோடில் குறித்தீர்களா? குறித்தால் என்விடிஏ தானாகவே தமிழ் உச்சரிப்புக்கு மாறும். தளங்களை எல்லாரும் பாவிக்கும்படி செய்வதற்கான டபிள்யூசிஏஜி விதிகளில் 3.1.1 அதுதான்.

பதிவிட்டவர்

குறிக்கவில்லை, இப்போதுதான் போட்டேன். நன்றி. மாஸ்டரிடமும் இருப்பது என்விடிஏதான். அவர் வைத்திருக்கும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. மீன் சந்தையில் ஏலம் கூறுவது போல ஓடுகிறது, அவர் பாட்டுக்குத் தேத்தண்ணி குடித்துக்கொண்டு கேட்கிறார். எப்படியோ, நேற்று விடுதி முதலாளி போன் எடுத்தார்: "தம்பி, அந்த வடிவான கலண்டர் எங்க?" மாஸ்டரின் நம்பரைக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.