ரசிகர் கதை, ஓவியத் தொகுப்புத் தளம்: அத்தியாய லிங்க் எல்லாம் இடம் மாறுகிறது, அவசரம்

மடிவாளா மைனா
நண்பர்களே, அவசரம். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து எழுதிய ரசிகர் கதைகளையும் வரைந்த படங்களையும் ஒரே இடத்தில் வைக்கத் தளம் போட்டிருக்கிறோம். அத்தியாயம் 7ஐத் தொட்டால் 12 வருகிறது, 12ஐத் தொட்டால் 3 வருகிறது, சிலது பக்கமே இல்லை என்கிறது. ஞாயிற்றுக்கிழமை அல்சூரில் எல்லாரும் சந்திக்கிறோம், அதற்குள் சரியாக வேண்டும். சில்க் போர்டு சிக்னலில் நின்றபடி தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே.ஆர்.புரம் பாசஞ்சர்
எந்த மென்பொருள்? சொந்த சர்வரா, வாடகை ஹோஸ்டிங்கா? எத்தனை கதை, எத்தனை படம்? வண்டி ஓடவில்லை என்று மட்டும் சொன்னால் மெக்கானிக் என்ன செய்வார்?

பழைய பஞ்சாங்கம்
கேள்வி கேட்பது எப்படி என்று இங்கே ஏற்கெனவே பலமுறை எழுதியாகிவிட்டது. படித்துவிட்டு வரவும்.

நுனிப்புல்
எனக்குத் தெரிந்துவிட்டது. இது யூனிகோட் பிரச்சினை, அதாவது எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறையில் வரும் சிக்கல். 'பொ' என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியீடாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும், கணினிக்கு வேறு வேறு. ஆறு பேர் ஆறு விதமான விசைப்பலகையில் அடித்திருப்பீர்கள். எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றுங்கள், சரியாகிவிடும்.

கே.ஆர்.புரம் பாசஞ்சர்
நுனிப்புல், போன மாதம் பிரிண்டர் ஓடாததற்கும் இதையேதான் சொன்னீர்கள்.

மடிவாளா மைனா
வேர்ட்பிரஸ்தான். வாடகை ஹோஸ்டிங், வருடத்துக்கு 3000 ரூபாய்ச் சொச்சம், அதையும் நான்தான் கட்டுகிறேன். 4 தொடர்கதை, பெரியது 31 அத்தியாயம். படம் 200க்கு மேல். எல்லாம் பொன்னியின் செல்வன் பாத்திரங்களை வைத்துத்தான்.

முனிர்கா மாமி
இதற்கு ஏன் தனியாகத் தளம்? ரசிகர் கதைகளுக்கென்றே ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற தளம் இருக்கிறதே. 2009லிருந்து ஓடுகிறது, விளம்பரம் கிடையாது, நடத்துவது லாப நோக்கமில்லாத அமைப்பு, ரசிகர்களே சேர்ந்து ஆரம்பித்தது. அங்கே போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். நீங்கள் ஆறு பேரும் நாளை சண்டை போட்டுக்கொண்டாலும் கதை அங்கேயே இருக்கும்.

கே.ஆர்.புரம் பாசஞ்சர்
மாமி, கதைக்குச் சரி. படத்தை அங்கே ஏற்ற முடியாது, வேறு எங்கேயாவது போட்டு அதன் முகவரியைத்தான் கதைக்குள் கொடுக்க வேண்டும். அந்த வேறு எங்கேயோ மூடிவிட்டால் கதைக்கு நடுவே ஓட்டைதான். இலவசமாகத் தளம் போட இடம் கொடுத்த ஜியோசிட்டிஸை 2009ல் மூடினார்கள், யாஹூ குரூப்ஸ் என்ற மின்னஞ்சல் குழுக்களில் சேர்ந்திருந்ததை எல்லாம் 2019 கடைசியில் அழித்தார்கள். ரசிகர் கதை எழுதியவர்களுக்கு அந்த வலி தெரியும். மைனாவிடம் 200 படம் இருக்கிறதே.

தாராவி தம்பி
ஆர்க்கைவ் தளத்தின் மென்பொருளே திறமூலம்தானே, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், அதையே இறக்கி நிறுவிக்கொள்ளலாமே?

கே.ஆர்.புரம் பாசஞ்சர்
நிறுவிப் பார்த்தவன் சொல்கிறேன், தம்பி. ரூபி ஆன் ரெயில்ஸ், மைஎஸ்க்யூஎல், எலாஸ்டிக்சர்ச், ரெடிஸ், மெம்கேஷ்டு என்று ஒரு கூட்டுக் குடும்பமே குடிவர வேண்டும். 1 ஜிபி நினைவகம் உள்ள சர்வரில் எலாஸ்டிக்சர்ச் மட்டும் உட்கார்ந்தாலே மற்றவருக்கு நிற்க இடமில்லை. வருடம் 3000 ரூபாயில் அது நடக்காது. 4 கதைக்கு அது தேவையும் இல்லை.

அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களுடைய குறிச்சொல் முறை. நீங்கள் 'வந்தியத்தேவன்' என்று போடலாம், இன்னொருவர் 'வல்லவரையன்' என்று போடலாம், தன்னார்வலர் ஒருவர் பின்னால் உட்கார்ந்து இரண்டும் ஒன்றே என்று முடிச்சுப் போடுவார். எதைத் தேடினாலும் எல்லாம் வரும். அந்த வேலைக்கு உங்கள் ஆறு பேரில் பொறுமைசாலி ஒருவரை இப்போதே பிடித்துப் போடுங்கள். அப்புறம், எழுதியவர் விலக நினைத்தால் கதையை அழிக்காமல் தன் பெயரை மட்டும் கழற்றிக்கொள்ளவும் அங்கே வழி இருக்கிறது. இதை முதல் நாளே பேசி வைப்பது நல்லது.

சரி, லிங்க் விஷயத்துக்கு வருவோம். கதையின் தலைப்பு என்ன? லிங்க் ஒன்றை அப்படியே ஒட்டுங்கள்.

தாராவி தம்பி
நடுவில் ஒரு சந்தேகம். படங்களுக்கு அனுமதி வாங்கினீர்களா? கல்கி நாட்டுடைமை என்பதால் எல்லாம் இலவசம் என்று நினைத்துவிடக் கூடாது.

முனிர்கா மாமி
நாட்டுடைமைதானே தம்பி, அப்புறம் என்ன? யார் வேண்டுமானாலும் அச்சடித்து விற்கிறார்கள்.

பழைய பஞ்சாங்கம்
அடிப்படை தெரியாமல் பேச வேண்டாம். நாட்டுடைமை ஆனது கல்கியின் எழுத்து. அது ஆகாமல் இருந்திருந்தாலும் அவர் மறைந்தது 1954 டிசம்பர், அதற்கப்புறம் 60 ஆண்டு, 2014 முடிவோடு பதிப்புரிமை தீர்ந்தது. ஆனால் 1950 முதல் 1954 வரை தொடர் வந்தபோது மணியம் போட்ட படங்களுக்கு உரிமைக் கணக்கு தனி. அதை டிரேஸ் எடுத்து வண்ணம் பூசி 'என் ஓவியம்' என்று போடுவது ரசிகர் ஓவியம் ஆகாது.

தாராவி தம்பி
அப்படிப் பார்த்தால் 2022ல் படம் வந்த பிறகு வரைகிறவர்கள் எல்லாரும் நடிகர் முகத்தைத்தானே வரைகிறார்கள். குந்தவை என்றால் ஒரே முகம். அதற்கு மட்டும் வாய் திறக்க மாட்டீர்களா சார்?

பழைய பஞ்சாங்கம்
அதையும் நான் ஓவியம் என்று ஒப்புக்கொண்டதில்லை.

முனிர்கா மாமி
சின்ன வயதில் வார இதழ்ப் பக்கத்தைக் கிழித்து ஜன்னல் கண்ணாடியில் வைத்து மேலே தாள் போட்டு வரைந்தவள் நான். அப்படித்தான் எல்லாரும் கற்றுக்கொண்டோம். உங்கள் பேச்சைக் கேட்டால் ஒரு பிள்ளையும் பென்சிலைத் தொடாது.

பழைய பஞ்சாங்கம்
கற்றுக்கொள்வது வேறு மாமி, பெயர் போட்டு வெளியிடுவது வேறு.

மடிவாளா மைனா
டிரேஸ் எதுவும் இல்லை, எல்லாம் சொந்தமாக வரைந்தது. (ஒன்றிரண்டு தவிர. கேட்டுப் பார்க்கிறேன்.)
தலைப்பு 'வந்தியத்தேவனும் வடக்கே போன ஓலையும் - அத்தியாயம் 1', அப்படியே 31 வரை. லிங்கை ஒட்டினால் சதவீதக் குறியாக ஒரு கிலோமீட்டர் நீளம் வருகிறது. உலாவியில் பார்த்தால் 'வந்தியத்தேவனும்-வடக்கே-ப' என்று முடிகிறது.

கே.ஆர்.புரம் பாசஞ்சர்
'ப'வில் முடிகிறதா! திருடன் அகப்பட்டான்.

வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்து முகவரி செய்யும்போது 200 குறிக்கு மேல் வைக்காது. ஆங்கில எழுத்துக்கு ஒரு குறி போதும். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்தாகிறது, ஆக 9. 'தே' என்பதே த ஒன்று, ஏகாரக் குறி ஒன்று என்று 18ஐத் தின்றுவிடும். உங்கள் தலைப்பை அந்த 'ப' வரை எண்ணிப் பார்த்தேன்: 22 குறியீடு, 198. நடுவில் இரண்டு கோடு, சரியாக 200. 'போன' என்பதில் 'ப' வந்ததும் கதவு சாத்தியாகிவிட்டது. அத்தியாய எண் உள்ளே வரவே இல்லை.

ஆக 31 அத்தியாயத்துக்கும் முகவரி ஒன்றே. மோதக் கூடாது என்று அது தானாகப் பின்னால் 2, 3, 4 என்று ஒட்டுகிறது. ஒட்டுவது அத்தியாய வரிசையில் அல்ல, பதிவேறிய வரிசையில். நீங்கள் வரிசையாக ஏற்றினீர்களா?

மடிவாளா மைனா
இல்லை, மூன்று பேர் அவரவர் எழுதியதை அவரவர் நேரத்துக்கு ஏற்றினோம்.
அப்புறம் ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். பொருளடக்கப் பக்கத்தில் ஒரு லிங்கை மட்டும் எடுத்து, கடைசி எண்ணை 7, 8, 9 என்று நானே மாற்றி மாற்றி 31 வரைக்கும் ஒட்டினேன். கடைசியில் வருவது அத்தியாய எண் என்று நினைத்தேன்.

பழைய பஞ்சாங்கம்
இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கலாம்.

கே.ஆர்.புரம் பாசஞ்சர்
பரவாயில்லை விடுங்கள் சார். மைனா, ஒவ்வொரு அத்தியாயத்தின் முகவரிப் பெட்டியிலும் ஆங்கில எழுத்தில் சின்னதாக 'ஓலை', அதன் பின் எண், அவ்வளவுதான் போடுங்கள். 31ஐ மாற்ற அரை மணி நேரம். பழைய முகவரியில் வருகிறவர்களை வேர்ட்பிரஸே புதியதற்குத் திருப்பிவிடும். பிறகு பொருளடக்கத்தை ஒட்டுங்கள். ஒட்டும்போது எண்ணை ஊகிக்க வேண்டாம், திறந்து பார்த்து எடுங்கள். இனி எழுதுவதற்குத் தலைப்பில் எண்ணை முன்னால் வையுங்கள்.

நுனிப்புல்
குறிச்சொல் பட்டியலில் 'பொன்னி' இரண்டு தடவை வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

மடிவாளா மைனா
31ஐயும் மாற்றிவிட்டேன், எல்லாம் சரியாகத் திறக்கிறது. பாசஞ்சர் அண்ணாவுக்கு ஒரு ஃபில்டர் காபி கடன். நுனிப்புல், ஆமாம், 'பொன்னி' இரண்டு தடவை வருகிறது!!

நுனிப்புல்
சொன்னேனா இல்லையா.

கே.ஆர்.புரம் பாசஞ்சர்
மைனா, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். தளத்தின் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? கடவுச்சொல் உங்கள் ஒருவரிடம் மட்டும்தானா? படங்களுக்குத் தனிப் பிரதி எங்கே இருக்கிறது?

தாராவி தம்பி
அந்த ஒன்றிரண்டு டிரேஸ் படம் என்ன ஆயிற்று?

முனிர்கா மாமி
அவள் அல்சூர் போய்விட்டாள் போலிருக்கிறது. திங்கட்கிழமை வந்து சொல்லட்டும்.