110 கரோலா: டாஷ்போர்டில சிவப்பு பிரேக் லைட் விட்டு விட்டு எரியுது, முன் இடது சில்லு இறுகுது

உப்புவெளி110:
1998 டொயோட்டா கரோலா, 110 மொடல். முன்னுக்கு டிஸ்க், பின்னுக்கு ட்ரம், ஏபிஎஸ் இல்லை. ஹேண்ட் பிரேக்கை முழுக்க இறக்கினாலும் சிவப்பு லைட் விட்டு விட்டு எரியுது, வளைவுகளில கூடுதலா எரியுது. கந்தளாய்க்குப் போய் வந்து நிப்பாட்டினா முன் இடது ரிம்மில கை வைக்க ஏலாது, கருகின மணம் வேற. ஓடேக்க இடப்பக்கம் இழுக்குது. விடிய ஆறினாப்பிறகு சில்லு லேசாச் சுத்துது. மாஸ்டர் சிலிண்டர் (பெடல் அழுத்தத்தை ஒயிலுக்குக் குடுக்கிறது) மாத்தச் சொல்லினம். அதுதானோ?

சில்லுக்காரன்:
மாஸ்டரில இப்ப கை வைக்காதேங்கோ. இந்தக் காரில பிரேக் லைன் குறுக்கால பிரிஞ்சிருக்கு. முன் இடதுக்கும் பின் வலதுக்கும் மாஸ்டரில ஒரே அறை. அந்த அறையில அழுத்தம் தேங்கினா முன் இடது தனிய இறுகாது, பின் வலதும் சேர்ந்து பிடிக்கும்.

லைட்டுக்கும் இறுக்கத்துக்கும் தொடர்பு இருக்கலாம். இறுகுற பக்கம் பேட் கெதியாத் தேயும், பேட்டைத் தள்ளுற பிஸ்டன் வெளிய வந்து நிக்கும், அந்த இடத்தை பிரேக் ஒயில் நிரப்பும், மேல டாங்கில மட்டம் இறங்கும். மினிமம் கோட்டுக்குக் கிட்ட வந்தா வளைவில ஒயில் ஒதுங்க டாங்குக்குள்ள இருக்கிற மிதவை தாழ்ந்து லைட் எரியும். அதால ஒயிலை ஊத்தி லைட்டை அணைக்கிறது வேலை இல்லை. பேட்டைப் பாருங்கோ, 3 மி.மீ.க்குக் கீழ எண்டா மாத்துங்கோ. பேட் நல்லா இருந்தும் மட்டம் இறங்குதெண்டா கசிவு. பின் ட்ரம்மைக் கழட்டி வீல் சிலிண்டர் ரப்பரை விரிச்சுப் பாருங்கோ, உள்ளுக்கு ஈரம் இருக்கும்.

இறுக்கத்தை ஓடி வந்த சூட்டோடதான் சோதிக்கலாம், ஆறினா ஒண்டும் பிடிபடாது. பின் சில்லுக்குக் கட்டை போட்டு, நியூட்ரலில, முன்னைத் தூக்கி ஸ்டாண்டில இருத்துங்கோ. கலிப்பரில (பிஸ்டனும் பேட்டும் இருக்கிற பாகம்) காத்து எடுக்கிற பிளீடர் நிப்பிளில டியூப் மாட்டிக் கால் சுத்துத் திறவுங்கோ. ஒயில் பீய்ச்சி உடன சில்லு விட்டுதெண்டா கலிப்பருக்கு ஒயில் கொண்டு வாற ரப்பர் ஹோஸ் உள்ளுக்கு ஊதி அடைச்சிருக்க வேணும். வெளிய ஒரு வெடிப்பும் தெரியாது. உறுதிப்படுத்த, நிப்பிளைப் பூட்டிப் பெடலை ஒருக்கா மிதிச்சு விட்டுட்டு, ஹோஸுக்கு மேல இருக்கிற இரும்புக் குழாய் நட்டைத் தளத்துங்கோ. அப்பவும் விடேல்லையெண்டா ஹோஸேதான். நிப்பிள் திறந்தும் அசையாட்டி கலிப்பர்.

கிண்ணியாப்பாலம்:
கலிப்பர் எண்டா முதல்ல அது வழுக்கி ஓடுற ஸ்லைட் பின் ரெண்டையும் இழுத்துப் பாருங்க. பேட் ஒரு பக்கம் சரிவாத் தேஞ்சிருந்தா ஸ்லைட் பின்னைத்தான் சந்தேகிக்கணும். துருவத் துடைச்சு சிலிக்கோன் கிரீஸ் மட்டும் பூசுங்க. பெயாரிங் கிரீஸ் போட்டா ரப்பர் ஊதி மறுபடி இறுகும். ஸ்லைட் பின் லேசா ஓடுதெண்டா பிஸ்டன்தான் பழுது. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் உப்புக்காத்தில பிஸ்டனை மூடியிருக்கிற ரப்பர் டஸ்ட் பூட் கிழிஞ்சா துரு நேரா உள்ளே இறங்கும். பிஸ்டன்ல குழி விழுந்திருந்தா தேய்ச்சுப் பாவிக்காம பிஸ்டனும் சீல் கிட்டும் புதுசாப் போடுங்க.

ஒயிலும் முழுசா மாத்துங்க, டொட் 3, சீல் உடைக்காத 1 லீற்றர். புது டொட் 3 205 பாகையிலதான் கொதிக்கும். தண்ணி குடிச்சது 140 கிட்டயே கொதிச்சிடும், இறுகின சில்லு அந்தச் சூட்டுக்கு லேசா வந்திடும்.

சில்லுக்காரன்:
ஒண்டு விட்டுப்போச்சு. மட்டம் சரியா இருந்தும் லைட் எரிஞ்சா டாங்கில இருக்கிற சென்சர் வயரைக் கழட்டுங்கோ. அணைஞ்சா மிதவை பழுது. அணையாட்டி ஹேண்ட் பிரேக் சுவிச் வயரைக் கழட்டிப் பாருங்கோ. பற்றரி லைட்டும் சேர்ந்து மங்கலா எரிஞ்சா பிரேக்கை விட்டிட்டு ஆல்டர்னேற்றரைப் பாருங்கோ, பழைய டொயோட்டாவில அப்பிடி வரும்.

உப்புவெளி110:
நிப்பிள் திறந்தவுடன சில்லு விட்டுது, மேல் நட்டில விடேல்லை. இடது ஹோஸ் மட்டும் மாத்தினாக் காணுமோ?

சில்லுக்காரன்:
ரெண்டையும் மாத்துங்கோ, வலதுக்கும் அதே வயசுதானே. யூனியன் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கோ, பழசு கசியும். மாத்தினாப்பிறகு பிரேக் லைனில இருந்து காத்து எடுங்கோ. ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஹோஸ் முறுகாம, எங்கையும் உரசாம இருக்கோ எண்டு பாத்திட்டுச் சில்லைப் பூட்டுங்கோ.