தோலுரிக்கும் டாரன்டுலாவை இப்போது நகர்த்தலாமா?

வணக்கம், சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் வாடகைக்கு இருந்தவர் அறையைக் காலி செய்தபோது ஒரு பிளாஸ்டிக் டப்பாவை விட்டுச் சென்றிருக்கிறார். உள்ளே மண், தென்னை மட்டைத் துண்டு, சிறிய டாரன்டுலா (மயிர் அடர்ந்த சிலந்தி) ஒன்று. வயிற்றில் இதய வடிவத்தில் ஒரு குறி இருப்பதால் 'சிரியோகாஸ்மஸ் எலிகன்ஸ்' என்று நினைக்கிறேன். தென் அமெரிக்காவிலும் டிரினிடாடிலும் மண்ணில் வளை தோண்டி வாழும் குட்டி இனம் அது.

சிங்கப்பூரில் இதை வீட்டில் வளர்க்க அனுமதி இல்லை. அதனால் தேசியப் பூங்காக் கழகத்துக்குச் சொல்லிவிட்டோம், நாளை வந்து எடுத்துக்கொள்வார்கள். ஆனால் இன்று மாலை அது மல்லாந்து கிடக்கிறது. செத்துவிட்டது, குப்பையில் போடு என்கிறார் மாமா. சிலந்தி செத்தால் கால்கள் உள்ளே சுருண்டுவிடும். இதற்கு விரிந்தே இருக்கின்றன. டாரன்டுலா மல்லாந்து கிடந்துதான் பழைய தோலை உரிக்கும், அதனால் தோலுரிக்கிறது என்றுதான் நம்புகிறேன். உரித்த கையோடு நச்சுப்பற்கள்கூட மென்மையாக இருக்கும், தற்காத்துக்கொள்ள முடியாது என்பதால் டப்பாவில் கிடந்த வெட்டுக்கிளியை எடுத்துவிட்டேன்.

சிலந்திகளோடு வேலை செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள்: நாளைக்குள் முடியாவிட்டால், அதிகாரிகளிடம் ஒரு நாள் தள்ளி வரச் சொல்லலாமா? மண்ணின் ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் விடலாமா? புதருக்குள் விட்டுவிடுங்கள் என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள், இது இந்த ஊர் உயிரினம் இல்லை.