பர்மிய மொழியில் பனை, பதநீர், கருப்பட்டி: எந்தச் சொல் எதற்கு?

கேள்வி:
மியன்மாரின் மகுவே, மண்டலே வட்டாரப் பனைத்தொழில் பற்றிய கட்டுரையைத் தமிழாக்குகிறேன். 'தன்' என்றால் பனை என்று தெரிகிறது. 'தன்யே' வருகிற இடமெல்லாம் கள் என்று போடலாமா? ஓரிடத்தில் அதைக் காய்ச்சுவதாக வருகிறதே! 'தஞெ' என்பதும் இதே வேர்தானா?

பதில் 1:
எல்லா இடத்திலும் கள் என்று போட்டுவிடாதீர்கள். 'யே' வெறும் நீர், சாறு. பின்னொட்டாக 'சோ' (இனிப்பு) வந்தால் பதநீர். 'கா' (கசப்பு) வந்தால் கள். ஒட்டு இல்லாவிட்டால் சூழலைப் பாருங்கள். அடுப்பும் வாணலியும் வந்தால் அது பதநீர்தான். புளித்த சாற்றில் சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஆகிவிடும். எவ்வளவு காய்ச்சினாலும் பாகு இறுகாமல் பிசுபிசுக்கும். அதனால்தான் இறக்கிய கையோடு காய்ச்சுகிறார்கள்.

'தஞெ' கருப்பட்டி. அதே வேர்தான்: எழுத்தில் 'தன்' முழுசாக இருக்கும், பேச்சில் தேய்ந்துவிட்டது. பதநீரில் சர்க்கரை நூற்றுக்கு 12 முதல் 15 வரை இருக்கும். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ 7, 8 லிட்டர் வேண்டும். பகான், போப்பா மலைப் பக்கம் இறுகும் பாகைக் கையால் உருட்டுவார்கள். எனவே 'வட்டு' என்று எழுதாமல் 'கருப்பட்டி உருண்டை' என்று எழுதுங்கள். இலந்தை சேர்த்த உருண்டைக்கு 'ஸீதஞெ' என்று பெயர்.

பதில் 2:
உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறேன். 'தன்' என்பதில் த மூச்சு கலந்த ஒலி. மூச்சில்லாமல் சொன்னால் 'வரிசை' என்று பொருள் மாறிவிடும். கடைசி ன் மூக்கில் மட்டும் நிற்கும், நாக்கு படாது. எழுத்தின் முடிவில் இரு புள்ளி இருந்தால் உயர்ந்த தொனி. மரம் 'தன்பின்', நம் 'அன்பு' போலவே ப மெலிந்து ஒலிக்கும். பழம் 'தன்தீ', ஏறுபவர் 'தன்தமா', ஆண்பனை 'தன்போ', பெண்பனை 'தன்மா'.

பதில் 3:
பனையோடு குழப்பிக்கொள்ளக்கூடிய மூன்று சொற்கள் உண்டு. 'பே' என்பது தாளிப்பனை. சுவடி ஓலை என்று கட்டுரையில் வந்தால் பெரும்பாலும் இதுதான். 'தனி' கூரை வேய ஓலை தரும் நீப்பா என்ற பனை வகை, கழிமுகத்துச் சேற்றில் வளர்வது, உள்நாட்டு வறண்ட பகுதிக்கு உரியதல்ல. 'சாந்தகா' கரும்பு வெல்லம். இதைக் கருப்பட்டி என்று எழுதினால் பொருளே தவறிவிடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. 'தன்பின்மியி' என்று ஒன்று வருகிறது, பனைவேர் என்று போட்டிருக்கிறேன்.

பதில் 1:
'மியி' வேர்தான், ஆனால் தின்பண்டமாக வந்தால் அது பனங்கிழங்கு. பனங்கொட்டையைப் புதைத்து, முளைவிட்ட பின் தோண்டி எடுத்து வேகவைப்பது. அந்த இடத்தை மாற்றிவிடுங்கள்.